எண்ணூர்ச் சேற்றில் ஊறிக் கிடப்பது

எண்ணூர் காட்டுக்குப்பத்துப் பக்கம் உப்பங்கழியில் நீர் வற்றியிருக்கும் வேளையில் இறங்கினால், முதல் அடி வழுக்கும். இரண்டாம் அடியில் கணுக்கால்வரை புதையும். காலை இழுத்தெடுத்த பள்ளத்தில் மெல்ல நீர் ஊறும். சில இடங்களில் அந்த நீரின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழி முழுவதும் பரவியதை வடசென்னையில் யாரும் மறக்கவில்லை. படகு, வலை, அலையாத்திச் செடியின் தண்டு என்று தொட்டதிலெல்லாம் கறுப்பாக அப்பிக்கொண்டது. பிறகு நாள் போகப் போகத் தண்ணீர் தெளிந்தது.

திருவொற்றியூரில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன். எண்ணூரிலிருந்து படிக்க வரும் ஒரு மாணவி, இறால் பிடிப்பவரின் மகள், அந்த ஆண்டு ஒரு கேள்வி கேட்டாள்: “தண்ணீர் தெளிந்துவிட்டது சார். அப்படியானால் எண்ணெய் எங்கே போனது?”

கொஞ்சம் ஆவியாகிக் காற்றில் போயிற்று. கொஞ்சம் கடலுக்குப் போயிற்று. கொஞ்சத்தை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். கொஞ்சத்தை நுண்ணுயிர்கள் தின்றன. மிச்சம் சேற்றுக்குள் இறங்கியது. இந்த ஐந்தில் முதல் நான்கும் சீக்கிரம் முடிந்துவிடும். ஐந்தாவது மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடரும். சேறு எதை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, காலம் போகப் போக அந்தப் பிடி என்ன ஆகிறது என்பதை அவளுக்குச் சொன்ன மாதிரியே இங்கே சொல்கிறேன். வேதியியல் படிக்காதவர்களும் தொடரலாம்.

வண்டல் என்பது ஆற்றின் அடியிலும் கழியின் அடியிலும் படிந்து கிடக்கும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். அதில் மணல் இருக்கும், மணலைவிட நுண்ணிய தூள்மண் இருக்கும், அதைவிடவும் நுண்ணிய களி இருக்கும். கூடவே மக்கிய இலை, செத்த பாசி, நண்டு ஓட்டின் துகள். எண்ணூரில் இவற்றோடு நிலக்கரிச் சாம்பலும் சேரும். ஈர வண்டலை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறப்பது மணல். வெண்ணெய்போல் வழுக்குவது களி. களித்துகளின் குறுக்களவு 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு.

நஞ்சு ஒட்டிக்கொள்ள வேண்டுமானால் அதற்கு இடம் வேண்டும். இடம் என்றால் மேற்பரப்பு. ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மணலில் ஒரு கிராம் எடுத்து, எல்லாப் பருக்கைகளின் மேற்பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 23 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு தீப்பெட்டியின் முகப்பைவிடச் சற்றே பெரிது. கரிசல் மண்ணில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் என்ற களிக்கனிமத்தில் ஒரு கிராம் எடுத்தால் கதையே வேறு. அது தாள் தாளாக அடுக்கிய கட்டமைப்பு. தாள்களின் உட்பக்கங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 700 சதுர மீட்டர். சென்னை நிலக்கணக்கில் மூன்று கிரவுண்டுக்கு மேல்! ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று வீட்டு மனை. எல்லாக் களியும் இவ்வளவு விரியாது. கயோலினைட் என்ற களியில் கிராமுக்கு 10, 20 சதுர மீட்டர்தான் கிடைக்கும். அதுவே அந்த மணலைவிட நாலாயிரம் மடங்குக்கு மேல். ஒரே கழியில் மணல் திட்டில் அள்ளிய மண் சுத்தமாகவும், நூறடி தள்ளி அள்ளிய சேறு மோசமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எங்கே அள்ளினார்கள் என்று சொல்லாத பரிசோதனை அறிக்கையை நான் நம்புவதில்லை.

இடம் இருந்தால் போதாது, பிடிப்பதற்கு ஒரு விசையும் வேண்டும். அதை வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து, ஜென்ஷன் வயலெட், மருந்துக் கடையில் கிடைக்கும். இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விடுங்கள். ஒன்றில் கழுவிய கடற்கரை மணல் இரண்டு கரண்டி, மற்றொன்றில் நன்றாகக் கரைத்த களிமண் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, மறுநாள் காலைவரை அப்படியே விட்டுவிடுங்கள். மணல் தம்ளரில் தண்ணீர் இன்னும் ஊதாவாகவே இருக்கும். களிமண் தம்ளரில் மேலே தெளிந்த நீர், அடியில் ஊதாச் சேறு. தெளிந்த நீரை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாலும் ஊதா நீருக்குத் திரும்பாது. வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போதெல்லாம் பிள்ளைகள் அந்த இரண்டாவது தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். எண்ணூர்க் கழியின் பிரச்சினை முழுவதும் அந்தத் தம்ளருக்குள் இருக்கிறது. மேலே தெளிவு, கீழே நிறம்.

காரணம் மின்சுமை. களித்துகளின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. அந்தச் சாயம் நேர்மின்சுமை கொண்டது. காரீயம், காட்மியம், செம்பு, துத்தநாகம், நிக்கல் போன்ற உலோகங்களும் நீரில் கரையும்போது பெரும்பாலும் நேர் அயனிகளாக, அதாவது நேர்மின்சுமை ஏறிய அணுக்களாகத்தான் இருக்கும். அவை களியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பரப்புக்கவர்தல் என்று இருக்கிறதே, அதுதான் இது.

முதலில் ஏற்படும் இந்த ஒட்டு தளர்வானது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப்போல. நெருக்கித் தள்ளினால் கை விட்டுவிடும். கடல்நீரில் சோடியமும் மக்னீசியமும் ஏராளம். அவை வந்து நெருக்கினால் தளர்வாக ஒட்டியிருக்கும் உலோகம் இடத்தை விட்டுக்கொடுக்கும். காட்மியம் இன்னும் ஒரு படி மேலே போய், உப்பில் இருக்கும் குளோரைடோடு கூட்டுச் சேர்ந்து நீருக்கே திரும்பிவிடும். ஆனால் களித்துகள் பெரும்பாலும் வெறும் துகளாக இருப்பதில்லை. அதன்மேல் துருவைப்போல் இரும்பு ஆக்சைடும் மாங்கனீசு ஆக்சைடும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். அந்தப் பூச்சிலுள்ள ஆக்சிஜன் அணுவோடு உலோகம் நேரடியாகப் பிணைந்துவிட்டால், நின்றுகொண்டிருந்தவருக்கு உட்கார இருக்கை கிடைத்த மாதிரி. இனி லேசில் எழுந்திருக்க மாட்டார்.

இங்கே முகத்துவாரம் செய்யும் வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு களித்துகள், அசையாத நன்னீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்கவே பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஓடும் ஆற்றில் அது படியவே படியாது. ஆனால் கொசஸ்தலை ஆற்று நீர் எண்ணூரில் கடல்நீரைச் சந்திக்கும்போது, உப்பு அந்தத் துகள்களின் மின்விலக்கத்தைத் தணித்துவிடுகிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தவை சேர்ந்து திரண்டு, கனத்து, கீழே இறங்குகின்றன. கலங்கிய கிணற்றுநீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் நீர் தெளியும் அல்லவா? வேறு வழியில் அதே வேலையைக் கடல் உப்பு செய்கிறது. திருவள்ளூர்ப் பக்கத்து வயல், மணலியின் ஆலைகள், பக்கிங்காம் கால்வாயில் விழும் சாக்கடை, இவற்றிலிருந்து துகளோடு ஒட்டிக்கொண்டு வருவதெல்லாம் வந்து இறங்கும் இடம் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் அதே கழிதான்.

இதுவரை உலோகங்கள். எண்ணெயின் கதை வேறு. எண்ணெய்க்கு மின்சுமை இல்லை. அதற்குத் தண்ணீர் பிடிக்காது, அவ்வளவுதான். கச்சா எண்ணெய், உலை எண்ணெய், டீசல் புகை, நிலக்கரிப் புகை எல்லாவற்றிலும் பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற ஒரு குடும்பம் உண்டு. அதில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. இவை தண்ணீரை எவ்வளவு வெறுக்கின்றன என்று அளக்க வேதியியலாளர்கள் ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். எண்ணெய்த் தன்மையுள்ள ஆக்டனால் என்ற திரவத்தையும் தண்ணீரையும் ஒரே குடுவையில் ஊற்றி, பொருள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பினாந்திரீன் தண்ணீரில் ஒரு பங்கு இருந்தால் ஆக்டனாலில் சுமார் 30,000 பங்கு இருக்கும். பென்சோபைரீன் ஏறக்குறைய பத்து லட்சம் பங்கு. கழியில் ஆக்டனால் இல்லை. ஆனால் சேற்றில் மக்கிய இலையும் பாசியும் சாக்கடைக் கழிவும் சேர்ந்த கொழகொழப்பான கரிமப்பொருள் இருக்கிறது. எண்ணெயின் நஞ்சு அதற்குள் புகுந்துகொள்கிறது. புகையிலும் அனல்மின் நிலையச் சாம்பலிலும் வரும் கரித்துகள் இருந்தால் இன்னும் பல மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

இனி காலம் செய்யும் வேலை. இதை நான் மண்சட்டியை வைத்துத்தான் சொல்லித்தருவேன். புதுச் சட்டியில் முதல் நாள் மீன்குழம்பு வைத்துவிட்டு உடனே கழுவினால் வாடை போய்விடும். பத்து ஆண்டு குழம்பு கண்ட சட்டியை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கழுவின நேரத்துக்குத்தான் வாடை இருக்காது. அதில் வெறும் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்திருந்து காலையில் பாருங்கள். நீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் புள்ளிகள் மிதக்கும், முகர்ந்தால் குழம்பு வாடை. சட்டியின் சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒவ்வொரு நாளும் எண்ணெய் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. கழுவும்போது மேலிருப்பதுதான் போகும். உள்ளிருப்பது, தான் நுழைந்த அதே குறுகிய வழியில் அதே நிதானத்தோடு வெளியே வர வேண்டும்.

சேற்றுத்துகளிலும் இதுதான் நடக்கிறது. முதல் சில மணி நேரத்தில் நஞ்சு மேற்பரப்பில் ஒட்டும். அடுத்த சில வாரங்களில், மாதங்களில், துகளின் நுண்துளைகளுக்குள்ளும் இறுகிய கரிமப்பொருளின் உள்ளேயும் ஊர்ந்து போகும். ஊறுவது என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஊறிய பிறகு அதைக் கழுவி எடுத்தால் வெளியேறும் வேகத்தில் இரண்டு கட்டம் தெரியும். ஒரு பகுதி மணிக்கணக்கில், நாள்கணக்கில் வந்துவிடும். மறு பகுதி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கசியும். சேறு எவ்வளவு காலம் ஊறியதோ அவ்வளவுக்கு இரண்டாம் பகுதி பெருகும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில விவசாய நிலங்களில் இதை அழகாகக் காட்டினார்கள். எத்திலீன் டைபுரோமைடு என்ற பூச்சிக்கொல்லி எளிதில் ஆவியாகும், நீரில் ஓரளவு கரையும். போட்டுச் சில மாதங்களில் மண்ணை விட்டுப் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கடைசியாகப் போட்டு 19 ஆண்டுகள் கழித்தும் அது மண்ணில் இருந்ததை 1987இல் வெளியான ஆய்வு சொன்னது. அதே மண்ணில் புதிதாகச் சேர்த்தது சீக்கிரம் போய்விட்டது, பழையது போகவில்லை. மண்ணை இயந்திரத்தில் போட்டு மாவாக அரைத்தபோதுதான் பழையது வெளியே வந்தது. துகளை உடைத்தால்தான் விடுதலை என்கிற அளவுக்கு உள்ளே போயிருந்தது.

அப்படியானால் காலம் நல்லதுதானே செய்கிறது, நஞ்சைப் பூட்டிவைக்கிறதே என்று கேட்கலாம். ஒரு பகுதி உண்மை. ஊறிப்போன நஞ்சு உயிர்களின் உடலுக்குள் குறைவாகவே சேரும். அந்தப் பூட்டு எந்த நிலைமையில் பூட்டியிருக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு நிம்மதி அடைவதா என்று முடிவு செய்யலாம்.

கழிச்சேற்றை ஒரு மண்வெட்டியால் வெட்டித் தூக்கிப் பார்த்தால், மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு நிறம். அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு. அந்தக் கறுப்பை எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இரும்பு சல்பைடு. பழுப்புத் தோலுக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதனால்தான். அந்தச் சல்பைடு இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. காரீயம், காட்மியம், செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவை இரும்பைவிடச் சல்பைடை விரும்புபவை. அவை வந்தால் இரும்பு இடம் கொடுத்துவிடும். உண்டாகும் உலோகச் சல்பைடுகள் தண்ணீரில் ஏறக்குறையக் கரையவே கரையாது. கறுப்புச் சேறு நாறினாலும், இந்த ஐந்து உலோகங்களுக்கு அது நல்ல சிறை.

அதே கறுப்புக்குள் ஒரு நண்டு வளை குறுக்காக வெட்டுப்பட்டிருந்தால் கவனித்துப் பாருங்கள். வளையின் சுவர் மட்டும் செங்கல் பொடி பூசியதுபோல் பழுப்பாக இருக்கும். நண்டு உள்ளே போகும்போது தண்ணீரையும் ஆக்சிஜனையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஆக்சிஜன் பட்ட இடத்தில் சல்பைடு உடைகிறது, இரும்பு துருவாகிறது. அலையாத்தி வேரைச் சுற்றியும் இப்படித் துருநிறம் காணலாம். பூட்டின் சாவி ஆக்சிஜனிடம் இருக்கிறது.

எல்லா நஞ்சுக்கும் ஒரே பூட்டு என்றும் நினைக்கக்கூடாது. நிலக்கரிச் சாம்பலில் வரும் ஆர்சனிக் பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்டது. அதைக் களி பிடிக்காது, இரும்புத் துருதான் பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் போனால் துரு கரைந்து, பிடித்திருந்த ஆர்சனிக்கையும் கைவிட்டுவிடும். காரீயத்தைப் பூட்டும் நிலைமை ஆர்சனிக்கை அவிழ்த்துவிடலாம். பாதரசம் எல்லாவற்றிலும் கொடியது. காற்றில்லாச் சேற்றில் வாழும் அதே வகைப் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் ஒவ்வொரு படியிலும் பெருகிப் போகும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் மீனவக் குடும்பங்களைப் பிடித்த நோய் 1956இல் வெளியே தெரிந்தது. ஆலை பாதரசக் கழிவை விடுவது நின்ற பிறகும் சேறு அப்படியே இருந்தது. அந்தச் சேற்றை அள்ளி, 58 ஹெக்டேர் நிலமாக மேடாக்கி மூடும் பணி 1977இல் தொடங்கி 1990இல்தான் முடிந்தது. குழாயை மூடுவதற்கும் கழி குணமாவதற்கும் இடையில் இவ்வளவு ஆண்டுகள்.

எண்ணூருக்குத் திரும்புவோம். இங்கே 1970இலிருந்து 2017வரை ஓர் அனல்மின் நிலையம் ஓடியது. 1990களில் இன்னொன்று வந்தது. சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கழியிலும் சதுப்பிலும் படிந்து, சில இடங்களில் சேற்றின் நிறமே வெளிறியிருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023இல் மறுபடியும் எண்ணெய். ஒவ்வொன்றும் தனித்தனி விபத்தாகச் செய்தியில் வந்து போகிறது. சேற்றுக்கு அவை தனித்தனி அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகள்.

அந்த அடுக்குகளைப் படிக்கவும் முடியும். நீளமான குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி உருவினால், கரும்பைப்போல் ஒரு தண்டு வரும். மேலே நேற்று, கீழே தாத்தா காலம். இயற்கையில் விழும் காரீயம்-210 என்ற கதிரியக்க அணு 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், ஒவ்வொரு அடுக்கின் வயதையும் கணக்கிடலாம். 1963ஐ ஒட்டி உலகெங்கும் அணுகுண்டுச் சோதனைத் தூசி உச்சத்தில் இருந்ததால், சீசியம்-137 அந்த ஆண்டுக்கு ஓர் அடையாளக் கோடு போட்டுவைத்திருக்கிறது. நண்டு கிளறாத, தூர் வாராத இடமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எந்த ஆலை எப்போது எதை விட்டது என்ற வழக்கில், பேசாத சாட்சியாக இதை வைத்திருக்கலாம்.

சேற்றுப் பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்தால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆய்வகத்தில் கடும் அமிலத்தில் போட்டுக் கரைத்தால், ஊறியது ஊறாதது எல்லாம் சேர்ந்து மொத்த அளவு வரும். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அது பதில். எவ்வளவு அவிழும் என்பதற்கு இல்லை. அதற்காக 1979இல் டெஸ்ஸியரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு முறையை வகுத்தார்கள். முதலில் மென்மையான உப்புக்கரைசல், பிறகு இலேசான அமிலம் என்று படிப்படியாகக் கடுமையைக் கூட்டி, ஐந்து நிலையாகப் பிரிப்பது. முதல் நிலையிலேயே வந்துவிடும் உலோகம், பஸ் கம்பியைப் பிடித்து நின்றவர். ஐந்தாம் நிலையிலும் கனிமத்துக்குள்ளேயே இருப்பது அநேகமாக எப்போதும் வராது. ஒரே மொத்த அளவு உள்ள இரண்டு சேறுகளில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு ஆபத்தாக இருக்க முடியும். இன்னொன்று: தண்ணீருக்கு அவிழாதது புழுவின் குடலுக்கு அவிழலாம். சேற்றையே விழுங்கி வாழும் புழுக்களின் செரிமான நீர், சோப்பைப்போல் நஞ்சைக் கரைத்தெடுக்கும். அந்தப் புழுவை இறால் தின்னும்.

மாணவியின் அப்பாவை ஒருநாள் கழிக்கரையில் சந்தித்தேன். “முகத்துவாரம் தூர்ந்துபோய்விட்டது வாத்தியாரே, படகு போக ஆழம் இல்லை. தூர் வாரச் சொல்லி எத்தனை மனு கொடுத்திருக்கிறோம் தெரியுமா? நீங்கள் சேற்றைத் தொடாதே என்கிறீர்களா?” என்று கேட்டார். நியாயமான கோபம். நான் தொடாதே என்று சொல்லவில்லை. கடல்நீர் உள்ளே வந்து போகாவிட்டால் கழி செத்துவிடும், வெள்ளநீரும் வெளியேறாது. வாரத்தான் வேண்டும், எப்படி வாருவது என்பதில்தான் என் கவலை. கறுப்புச் சேற்றை இயந்திரம் கலக்கி மேலே கொண்டுவந்தால், ஆக்சிஜன் பட்டுச் சில மணி நேரத்திலேயே இரும்பு சல்பைடு உடையத் தொடங்கும். பூட்டியிருந்த உலோகத்தில் ஒரு பங்கு நீருக்கு வரும். புதிதாக உண்டாகும் துரு அதில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், முழுவதையும் பிடிக்காது. வாரிய சேற்றைக் கரையிலேயே, அலையாத்தியின் காலடியிலேயே குவித்தால், வெயிலில் காய்ந்து, சல்பைடு அமிலமாக மாறி, அடுத்த மழையில் எல்லாம் கழிக்கே திரும்பும். அதனால் வாருவதற்கு முன்பே சேற்றை அடுக்கடுக்காகப் பரிசோதிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் திரைகட்ட வேண்டும். இறால் குஞ்சு பொரித்து வளரும் மாதங்களைத் தவிர்க்க வேண்டும். எந்த மாதங்கள் என்று அவரைக் கேட்டால் போதும், தெரியும். மணல் மட்டும் உள்ள முகத்துவாரத் திட்டுக்கும், உள்ளே ஆலைப் பக்கத்துக் களிச்சேற்றுக்கும் ஒரே விதியைப் போடக்கூடாது.

வாராமலே சரிசெய்யும் வழியும் சில இடங்களில் உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஹண்டர்ஸ் பாயிண்ட் என்ற சேற்றுத்தரையில், செறிவூட்டிய கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) சேற்றோடு கலந்து பார்த்தார்கள். பிசிபி என்ற எண்ணெய்வகை நஞ்சு கரித்துகளின் துளைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ள, சேற்றில் வாழும் உயிர்களின் உடலில் சேர்வது குறைந்தது. காலம் பல ஆண்டுகளில் செய்வதை விரைவாகச் செய்விக்கும் உத்தி இது. நம் ஊர்த் தேங்காய்ச் சிரட்டை செறிவூட்டிய கரிக்கு நல்ல மூலப்பொருள் என்பதால், இதை எண்ணூரில் ஒரு சிறு திட்டிலாவது முயன்று பார்க்கலாம் என்பது என் ஆசை. மேலிருந்து புதிதாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் எந்தக் கரியும் தாங்காது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கழியில் வானவில் படலத்தைக் கண்டால் எண்ணெய்தானா என்று சந்தேகம் வரும். இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாவும் அதே மாதிரி மினுமினுப்பான படலம் உண்டாக்கும். ஒரு குச்சியால் குறுக்கே கோடு இழுங்கள். பாக்டீரியாப் படலம் அப்பளம் நொறுங்குவதுபோல் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நிற்கும். எண்ணெய் என்றால் விலகி, சுழித்து, மறுபடியும் ஒன்றுசேரும்.

அந்த மாணவி ஒரு வாரம் கழித்து அகலவாய்ப் பாட்டில் ஒன்றில் கழிச்சேறும் கழிநீரும் எடுத்துவந்தாள். மூடியைத் தளர்த்தி, வகுப்பறை ஜன்னலில் வைத்தோம். இரண்டு மூன்று நாளில் நீர் கண்ணாடியாகத் தெளிந்தது. சேற்றின் மேல்முகத்தில் ஒரு நூல் கனத்துக்குப் பழுப்பு படிந்தது, அதன் கீழே கறுப்பு அசையாமல் இருந்தது. பாதி ஆண்டு அப்படியே இருந்தது. தேர்வுக்கு முன் ஒருநாள், பின்வரிசைப் பையன் ஒருவன் ஆர்வம் தாங்காமல் அளவுகோலை உள்ளே விட்டுக் கிளறிவிட்டான். கறுப்பு மேகம்போல் எழுந்து பாட்டில் முழுவதும் நிறைந்தது. வாடை தாங்காமல் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தோம். அவள் மட்டும் கிட்டே போய், நீரின்மேல் ஏதாவது படலம் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது. பென்சிலால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். படலம் விலகி, சுழித்து, மறுபடி ஒன்றுசேர்ந்தது.